கப்டகண்டா சால்வை: சந்தைல வாங்கினதுக்கு 5 ஸ்டார், ஷோரூம்ல வாங்கினதுக்கு 1 ஸ்டார்

ரெண்டு சால்வையையும் கட்டில் மேல விரிச்சுப் போட்டு பக்கத்துல உக்காந்துதான் இத டைப் பண்றேன். ரெண்டுக்கும் ஒரே பேரு, கப்டகண்டா. ஒடிசால நியம்கிரி மலைல இருக்கிற டோங்ரியா கோந்த் பழங்குடிப் பொண்ணுங்க கையால பூவேலை பண்ற சால்வை. ஒண்ணு புவனேஸ்வர்ல ஒரு பெரிய ஷோரூம்ல வாங்கினது, 1,900 ரூபாய், கடை பேரு சொல்லல. இன்னொண்ணு நாலு நாள் கழிச்சு ராயகடா மாவட்டத்துல சட்டிகோனா புதன்கிழமை சந்தைல, தெச்ச பொண்ணு கையில இருந்தே வாங்கினது, 4,200 ரூபாய். முதல்லயே சொல்லிடுறேன், ரெண்டுல 4,200 தான் மலிவு.

சந்தை சால்வையப் பத்தி முதல்ல. துணி முரட்டுப் பருத்தி, கலர் சுத்த வெள்ளை கிடையாது, கொஞ்சம் பழுப்பு அடிச்ச வெள்ளை. துணிய அவங்க நெய்யுறதில்ல, பக்கத்துலயே இருக்கிற டோம் சமூகத்து நெசவாளர்ங்ககிட்ட இருந்து வாங்கிக்குவாங்க, அதுல ஊசி நூல் வெச்சு வேலை பண்றதுதான் இவங்க. நூல் மூணே கலர், சிவப்பு மஞ்சள் பச்சை. வரிசை வரிசையா முக்கோணம், முக்கோணத்துக்கு நடுவுல கோடு, அதுக்கு மேல திரும்ப முக்கோணம். முக்கோணம்னா மலை. பச்சை காடு, மஞ்சள் மஞ்சள்கிழங்கும் சந்தோஷமும், சிவப்பு ரத்தம்னு எனக்கு விளக்கினாங்க. கல்யாணம் ஆகாத பொண்ணு தனக்குப் பிடிச்ச பையனுக்கு தெச்சுக் குடுப்பா, அண்ணன் தம்பிக்கும் அப்பாவுக்கும் குடுப்பா, அதாவது அடிப்படையில இது விக்கிறதுக்குன்னு பொறந்த பொருளே இல்ல.

திருப்பிப் போட்டுப் பாத்தாத்தான் இதோட தரம் தெரியும். பின்பக்கம் முடிச்சு எங்கயும் துருத்திக்கிட்டு இல்ல, கைய வெச்சுத் தடவினா முன்பக்கம் மாதிரியே ஓடுது. இடது ஓரத்துல மூணாவது வரிசைல பச்சை நூல் தீந்துபோயிருக்கு போல, அங்கிருந்து வேற ஒரு பச்சை, கொஞ்சம் இருட்டுப் பச்சை ஆரம்பிக்குது. அந்த இடத்துல முக்கோணம் ஒண்ணு மத்ததவிட ஒரு நூல் அளவு குள்ளம். அந்த ஒரு இடம்தான் எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது, ஏன்னா அங்க ஒரு ஆள் இருக்காங்கன்னு தெரியுது, விளக்கு வெளிச்சத்துல தெச்சாங்களோ திண்ணைல உக்காந்து தெச்சாங்களோ, எப்படியும் ஒரு சாயங்காலம் அந்த நூல் தீந்துருக்கு. விறகுப் புகை வாசம் முதல் தடவ அலசியும் போகல, எனக்கு அது போகவும் வேண்டாம்.

ஷோரூம் சால்வை பாத்த உடனே அழகாத்தான் இருக்கும், அதையும் மறைக்கல, நானே ஏமாந்துதானே வாங்கினேன். ஆனா முக்கோணம் அத்தனையும் ஒரே அச்சு. பின்பக்கம் திருப்பினா மெஷின் எம்பிராய்டரிக்கு அடில ஒட்டுற அந்த வெள்ளைப் பேப்பர் அங்கங்க கிழியாம ஒட்டிக்கிட்டு இருக்கு. துணி தொட்டா வழுக்குது, பாலியஸ்டர் கலந்தது. டேக்ல ட்ரைபல் கலெக்‌ஷன்னு போட்டிருந்தாங்க, எந்தப் பழங்குடி எந்த ஊரு ஒண்ணும் இல்ல. யாரு தெச்சதுங்கன்னு கேட்டேன், சப்ளையர் குடுக்கிறாங்க மேடம்னாரு. ஜிஐ டேக், அதாவது புவிசார் குறியீடு, இருக்கான்னு கேட்டேன், இதெல்லாம் ஜிஐ தாங்கன்னாரு. எல்லாம் ஜிஐனா எப்படி. 2024 ஜனவரில கப்டகண்டாவுக்கு புவிசார் குறியீடு கிடைச்சுது, அதே நேரத்துலதான் ஒடிசாவோட சிமிலிபால் செவ்வெறும்புச் சட்னிக்கும் கோராபுட் காளாஜீரா அரிசிக்கும் கிடைச்சுது. அந்தக் குறியீட்டுக்கு அர்த்தமே, இந்தப் பேர வெச்சு விக்கணும்னா அந்த மலைல அந்த ஜனங்க பண்ணினதா இருக்கணும், பேரு அவங்களோடது, அவங்கள விட்டுட்டு எடுத்துக்கக்கூடாதுங்கறதுதான். மெஷின்ல அடிச்சு அந்தப் பேர ஒட்டினா அது திருட்டுதான், எனக்கு வேற வார்த்தை தெரியல. ரிட்டர்ன் கேட்டு போன் பண்ணினேன், பில் போட்டா போட்டதுதான்னு வெச்சுட்டாங்க. 1 ஸ்டார் குடுக்கிறதும் அதுக்குக் கீழ போக வழி இல்லாததாலதான்.

சரி சந்தைக்கு வரேன். ராயகடால இருந்து வண்டி வெச்சுக்கிட்டு விடிகாலைல கிளம்பினோம். டோங்ரியா ஜனங்க மலைல இருந்து நடந்தே இறங்கி வராங்க, தலைல கூடை, கூடைல அன்னாசி, இஞ்சி, மஞ்சள், வாழை, சீசனுக்கு ஆரஞ்சு. பொண்ணுங்க மூக்குல மூணு வளையம், கொண்டைல வரிசையா ஊசி, கூடவே ஒரு குட்டிக் கத்தியும் செருகியிருக்கும். அங்க போய் போன தூக்கி மூஞ்சிக்கு நேரா நீட்டாதீங்க, தயவு செஞ்சு. எத்தன பேர் அப்படிப் பண்றாங்கன்னு பாத்தேன், அந்த அம்மாக்கள் முந்தானைய இழுத்து மூஞ்சிய மூடிக்கிறாங்க, மூடின பிறகும் எடுக்கிறாங்க.

எங்க வண்டி ஓட்டின தம்பிக்கு அவங்க பேசுற குவி பாஷை கொஞ்சம் தெரியும், அவர வெச்சுத்தான் பேசினேன். ஒரு பொண்ணு ரெண்டு சால்வை விக்கிறதுக்கு வெச்சிருந்தாங்க. ஆனா என் கண்ணு அவங்க பக்கத்துல நின்ன அண்ணன் தோள்ல கிடந்த சால்வை மேலதான். பழசு, துவைச்சுத் துவைச்சு மெத்துன்னு ஆகி, சிவப்பெல்லாம் காவி மாதிரி ஆகிப்போச்சு, அவ்வளவு அழகு. அது என்ன விலைன்னு கேட்டேன். அது விக்கிறதுக்கில்லன்னு சொன்னாங்க. ஆறாயிரம் தரேன்னு சொல்லுங்க தம்பின்னேன். அவர் சொல்லல, என்ன ஒரு மாதிரி பாத்துட்டு, அக்கா அவங்க சொல்லிட்டாங்கக்கான்னாரு. நான் விடாம எட்டாயிரம்னேன். அந்தப் பொண்ணுக்கு நம்பர் புரிஞ்சுருக்கணும், சிரிக்கவும் இல்ல கோவப்படவும் இல்ல, விக்கிறதுக்குன்னு வெச்சிருந்த ரெண்ட எடுத்து என் மடில வெச்சாங்க, அண்ணன் சால்வைய இழுத்து அவர் தோள்ல சரி பண்ணிவிட்டாங்க, அவ்வளவுதான். எனக்கு வேர்த்துருச்சு. ஒருத்தர் வேண்டாம்னு சொன்னா நாம உடனே அது விலை பத்தாதுன்னு புரிஞ்சுக்கிறோம், வேண்டாம்ங்கறதே ஒரு முழு பதில்னு நமக்குத் தோணவே மாட்டேங்குது. அந்த சந்தைல இருந்து நிமிர்ந்து பாத்தா தெரியுற மலைக்கும் இதேதான் நடந்துச்சு, அதனாலதான் சால்வை ரிவ்யூல மலைக் கதையும் வருது, படிக்கிறவங்க பொறுத்துக்கணும்.

நியம்கிரி உச்சில பாக்சைட் இருக்கு, 7 கோடி டன்னுக்கு மேல. பாக்சைட்ல இருந்து அலுமினா, அலுமினால இருந்து அலுமினியம், கிட்டத்தட்ட நாலஞ்சு டன் பாக்சைட் தோண்டினா ஒரு டன் அலுமினியம். வேதாந்தா கம்பெனி மலை அடிவாரத்துல காலாஹாண்டி மாவட்டம் லாஞ்சிகர்ல வருஷத்துக்கு 10 லட்சம் டன் அலுமினா எடுக்கிற ஆலைய முதல்ல கட்டிட்டாங்க, மேல தோண்டுறதுக்கு அனுமதி முழுசா கைல வர்றதுக்கு முன்னாடியே. அடுப்ப பத்த வெச்சுட்டு அரிசிக்கு அலைஞ்ச கதை. தோண்டக் கேட்டது 660 ஹெக்டேர் காட்டு நிலம், கேட்டது மாநில அரசோட ஒடிசா மைனிங் கார்ப்பரேஷன், சரக்கு போறது அந்த ஆலைக்கு.

தோண்டணும்ங்கறவங்க தரப்பு வாதம் என்னன்னா, உச்சில யாருமே குடி இல்லையே, ஊரெல்லாம் சரிவுலயும் பள்ளத்துலயும்தானே இருக்குங்கறது. ஆனா உச்சி யாரும் இல்லாத இடம்னு எப்படிச் சொல்ல முடியும், அது நியம் ராஜாவோட வீடு, அவங்களோட சாமி, அதனாலதான் உச்சில மரம் வெட்ட மாட்டாங்க, வெட்டாததாலதான் அங்க காடு இருக்கு. அந்த பாக்சைட் படிவம் ஸ்பான்ஜ் மாதிரி மழைத்தண்ணிய உறிஞ்சி வெச்சுக்கிட்டு கோடைல கொஞ்சம் கொஞ்சமா ஓடையா விடும், வம்சதாரா ஆறு அந்தப் பக்கத்துல இருந்துதான் கிளம்புது. டோங்ரியா ஜனங்க தங்களயே ஜர்னியான்னு சொல்லிக்குவாங்க, ஓடையக் காக்கிறவங்கன்னு அர்த்தம். சாமி, காடு, தண்ணி மூணும் அவங்களுக்கு ஒண்ணு, நம்ம ஃபைல்ல மட்டும்தான் மூணு டிபார்ட்மென்ட்.

கட்சிங்க எப்படி நடந்துக்கிட்டாங்கன்னு பாத்தா எந்தக் கொடிக்கும் கை தட்ட முடியல. 2000 டிசம்பர் 16, இதே ராயகடா மாவட்டம் காஷிபூர் பக்கம் மைகஞ்ச்ல வேற ஒரு அலுமினா ப்ராஜெக்ட எதிர்த்த ஜனங்க மேல போலீஸ் சுட்டு மூணு ஆதிவாசிங்க செத்தாங்க, அப்ப பிஜு ஜனதா தளமும் பாஜகவும் சேர்ந்து ஆண்டது. நியம்கிரி தோண்ட 2008 டிசம்பர்ல கொள்கை அளவுல சரின்னு சொன்னது காங்கிரஸ் தலைமைல இருந்த மத்திய அரசு, அப்புறம் அவங்களே போட்ட என்.சி. சக்சேனா கமிட்டி போய்ப் பாத்து ரிப்போர்ட் குடுத்த பிறகு 2010 ஆகஸ்ட் 24 அன்னைக்கு வேண்டாம்னு சொன்னதும் அதே அரசு, ஜெய்ராம் ரமேஷ் சுற்றுச்சூழல் அமைச்சரா இருந்தப்ப. ரெண்டு நாள்ல ராகுல் காந்தி லாஞ்சிகர் வந்து டெல்லில நான் உங்க சிப்பாய்னு பேசிட்டுப் போனாரு. அப்ப ஒடிசால ஆண்ட நவீன் பட்நாயக் அரசு கடைசி வரைக்கும் தோண்டணும்னுதான் நின்னுச்சு, சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனதே மாநிலத்தோட கார்ப்பரேஷன்தான்.

அந்த வழக்குலதான் 2013 ஏப்ரல் 18 தீர்ப்பு. தோண்டலாமா கூடாதான்னு கோர்ட் தானா முடிவு பண்ணல, வன உரிமைச் சட்டம் 2006 படி ஊர் ஜனத்தோட உரிமை, அவங்க சாமியோட உரிமை பாதிக்குமான்னு கிராம சபைலயே கேளுங்க, மாவட்ட நீதிபதி அந்தஸ்துல ஒருத்தர் கூட இருந்து பாக்கட்டும்னு சொல்லிட்டாங்க. மலைல நூத்துக்கும் மேல ஊர் இருக்க, மாநில அரசு தேர்ந்தெடுத்தது வெறும் 12 ஊரு. ராயகடால ஏழு, காலாஹாண்டில அஞ்சு. ஜூலை 18 செர்காபாடில ஆரம்பிச்சு ஆகஸ்ட் 19 ஜராபால முடிஞ்சுது, கொட்டுற மழைல. சில ஊர்ல வீடுங்கள விரல் விட்டு எண்ணிடலாம், அந்த ஊருக்கும் ஜட்ஜ் போய் உக்காந்து கேட்டாரு. 12 ஊரும் ஒரே பதில், வேண்டாம். 2014 ஜனவரில மத்திய அரசு அனுமதிய முழுசா மறுத்துச்சு. 2016ல கார்ப்பரேஷன் திரும்பவும் கோர்ட்டுக்குப் போயி கிராம சபைய மறுபடி கூட்டணும்னு கேட்டுச்சு, கோர்ட் ஏத்துக்கல. இத படிச்சப்பதான் சந்தைல நான் கேட்ட எட்டாயிரம் ஞாபகம் வந்துச்சு. ஒரு தடவ வேண்டாம்னு சொன்னவங்கள திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டே இருந்தா அது கேக்கிறது இல்ல, நச்சரிக்கிறது.

எதிர் தரப்புல நியாயமே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். நாட்டோட பாக்சைட்ல பெரிய பங்கு ஒடிசால இருக்கு, கரன்ட் கம்பி, ரயில் பெட்டி, சோலார் பேனலோட ஃபிரேம், இத டைப் பண்ற போன் எல்லாத்துலயும் அலுமினியம் இருக்கு. காலாஹாண்டி பட்டினிக்குப் பேர் போன மாவட்டம், அங்க ஒரு பையன் எனக்கு மாசச் சம்பளம் வேணும்னு கேட்டா அத தப்புன்னு சொல்ல நான் யாரு. பாக்சைட் இல்லாம 2012 டிசம்பர்ல லாஞ்சிகர் ஆலைய கொஞ்ச மாசம் மூடினப்ப வேலை போனதும் அந்த ஊர் ஆளுங்களுக்குத்தான். 2015ல சட்டம் திருத்தி மாவட்டத்துக்கு மாவட்டம் கனிம நிதின்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, பழைய குத்தகைனா சுரங்கக்காரங்க அரசுக்குக் கட்டுற ராயல்டில 30 சதவீத அளவு, ஏலத்துல விட்டதுனா 10 சதவீத அளவு, கூடுதலா வாங்கி அந்த ஜனங்களுக்கே செலவு பண்ணணும். நல்ல ஏற்பாடுதான். ஆனா அது தோண்டின பிறகு குடுக்கிற காசு, தோண்டலாமாங்கற கேள்விக்கு அது பதில் ஆகாது. எனக்கு இதுல ஒரே ஒரு பிடிவாதம்தான் இருக்கு, ஊர் சபை சரின்னா அத எப்படி மதிச்சு மறுநாளே மெஷின் இறக்குறாங்களோ அதே மாதிரி வேண்டாம்னா மெஷின திருப்பிக் கூட்டிட்டுப் போகணும். சரின்னு வர்ற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருக்கிறதுக்கு சம்மதம்னு பேரு வெக்கக்கூடாது.

இப்பவும் இது முடியல. ராயகடா காலாஹாண்டி எல்லைல சிஜிமாலின்னு இன்னொரு மலை, 2023ல ஏலத்துல வேதாந்தாதான் முன்னுக்கு வந்துச்சு. கிராம சபை சம்மதம் குடுத்துட்டதா பேப்பர்ல இருக்கு, அப்படி ஒரு சபையே எங்க ஊர்ல நடக்கலன்னு ஊர்க்காரங்க சொல்றாங்க, எதிர்த்த ஆளுங்க நிறைய பேர் மேல கேஸ். இன்னொரு பக்கம் 2022ல வனப் பாதுகாப்பு விதிகள மாத்தினாங்க, மத்திய அரசு காட்டுக்கு அனுமதி குடுக்கிறதுக்கு முன்னாடி கிராம சபை சம்மதம் பாக்கணும்ங்கறத எடுத்துட்டு, அத மாநிலம் அப்புறமா பாத்துக்கட்டும்னு தள்ளிட்டாங்க. தேசிய பழங்குடியினர் ஆணையமே அத எதிர்த்து கடிதம் எழுதுச்சு. டெல்லில சரின்னு சீல் குத்தின பிறகு ஊர்ல போய் என்னம்மா சொல்றீங்கன்னு கேட்டா, ஊரு என்னத்த சொல்லும். ஜனாதிபதி ஒடிசாவோட சந்தாலி பழங்குடி, 2024ல இருந்து ஒடிசா முதலமைச்சரும் சந்தாலி, ரெண்டு பேரும் சுரங்கமும் காடும் இருக்கிற மாவட்டத்துல பொறந்தவங்க, அவங்க காலத்துல இந்த விதி மாறணும்னு எனக்கு ஆசை.

வாங்க நெனைக்கிறவங்களுக்கு. சந்தைக்குப் போறதா இருந்தா புதன்கிழமை காலைல எட்டு மணிக்குள்ள போயிடுங்க, மதியத்துக்கு மேல அவங்க மலை ஏறத் தொடங்கிடுவாங்க, நடந்து போகணும்ல. கேஷ் எடுத்துட்டுப் போங்க, சில்லறையா. பேரம் பேசாதீங்க, ஒரு சால்வைக்கு வாரக்கணக்குல ஊசி புடிக்கிறாங்க, மத்தியில வயல் வேலை, குழந்தை, சமையல். கடைல வாங்கினா முதல்ல திருப்பிப் போட்டு பின்பக்கம் பாருங்க, பேப்பர் ஒட்டியிருந்தா வெச்சுட்டு வந்துடுங்க. எந்த ஊரு, யாரு தெச்சதுன்னு கேளுங்க, பதில் சொல்லத் தெரியாத கடைல வாங்காதீங்க. துவைக்கிறப்ப பச்சைத் தண்ணில தனியா போட்டு அலசணும், முதல் தடவ சிவப்பு லேசா இறங்கும், பயப்பட வேண்டாம், நிழல்ல காய வெச்சா போதும். குளிருக்கு ரொம்ப கதகதப்பு எதிர்பாக்காதீங்க, இது கம்பளி இல்ல, சாயங்காலக் காத்துக்குப் போதும்.

ஒரே ஒரு குறை, நீளம் பத்தல, உயரமான ஆம்பளைங்களுக்கு தோள்ல போட்டா முன்னாடி ரொம்ப சின்னதா நிக்கும். அடுத்த தடவ கொஞ்சம் நீளமா தெச்சுத் தருவீங்களான்னு தம்பிய விட்டுக் கேட்டேன். நூலு இருந்தா பாக்கலாம், மழைக்கு அப்புறம் வாங்கன்னு சொன்னாங்க. வேண்டாம்னு சொல்லல, அதனால ஐப்பசில திரும்பப் போறேன்.